இரண்டு அங்குலம் குறைத்து

எனக்குக் காசநோய் வந்துவிட்டது என்று நானே முடிவு செய்தது, அறுபத்தேழாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பனியன் கம்பெனி மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்றுவிட்டேன். மூச்சை எவ்வளவு இழுத்தாலும் அரைவாசிதான் உள்ளே போனது. மார்புக்குக் கீழே சுருக்கென்று குத்தியது. என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பெருந்துறை காசநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். அங்கேயே போய்ச் சேர்ந்தாள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. இன்னொரு தடவை பெருந்துறைக்கு பஸ் ஏற அவருக்குத் தெம்பு கிடையாது. கம்பெனியிலும் வாயைத் திறக்கவில்லை. இருமுகிற பெண்ணை முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

கொடுமை என்னவென்றால், அந்த வாரம்தான் நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். இருபத்துமூன்று வயதாகியும் நான் ரவிக்கைக்குள் பாடி போட்டதில்லை. பனியன் கட்டுகளைத் தூக்கும்போது கட்டிங் மேசைப் பக்கமிருந்து வரும் பார்வை எனக்கு ஆகாது. கடையில் வாங்கலாம் என்றால், "சைசு என்னம்மா?" என்று கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். சைசு எனக்கே தெரியாது. அதனால் நானே அளந்து தைத்துக்கொள்வது என்று கிளம்பினேன். கம்பெனியில் என்னோடு பனியனில் பிசிறு நூல் வெட்டுகிற தெய்வாத்தாள், எங்கள் ஊர் ராயபுரத்தில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. "எனக்கும் ஒண்ணுங்கக்கா" என்று ஒட்டிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மாஸ்டரின் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு நூல் வைக்கும் அறைக்குள் புகுந்தோம். அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"சுருக்கா அளங்கக்கா. ஆராச்சும் வந்துருவாங்கொ."

"வந்தா வரட்டும் புள்ள. மாரளவு எடுக்கறதுதான நம்ம கம்பெனிப் பொழப்பே?"

பேச்சில்தான் வீரம். டேப்பைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தடவை அளந்தேன். மார்புக்குக் கீழே சுற்றி முப்பது, மேலே சுற்றி முப்பத்துநாலு. பிறகு அவளை அளந்தேன். கீழே இருபத்தாறுதான் வந்தது. "ஒழுங்காச் சோறு தின்னு புள்ள" என்று திட்டினேன்.

மாஸ்டர் ஞானசம்பந்தம் தினமும் ஓதுகிற பாடம் எனக்கு மனப்பாடம். எடுத்த அளவில் இரண்டு அங்குலம் குறைத்து வெட்டு, பின்னல் துணி இழுத்துக் கொடுக்கும். அப்படியே குறைத்து வெட்டினேன். கெட்டிப் பாப்ளினில் இரட்டைத் தையல் போட்டு, இரண்டு பேருக்கும். முந்தின வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டோம். கொக்கி மாட்டவே தம் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பெயர்தான் கச்சிதம் என்று நினைத்தேன்.

நான் படியில் நின்ற மறுநாள், அதே படியில் தெய்வாத்தாள் உட்கார்ந்துவிட்டாள்.

"மூச்சு வாங்குதுங்கக்கா. நெஞ்சு குத்துது."

 நாங்கள் இரண்டு பேரும் ஒரே சொம்பில் தண்ணீர் குடிக்கிறவர்கள். என் நோயை அவளுக்கும் ஒட்டவைத்துவிட்டேன், பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு. அன்றைக்கே அந்தச் சொம்பை எனக்கென்று தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் வேறு பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் வைத்து இருமினாள்.

வியாழக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. இனி மறைத்து என்ன, வருவது வரட்டும் என்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஒரு பெண் டாக்டரிடம் போனேன். நெஞ்சில் குழாய் வைக்க ரவிக்கையைத் தளர்த்தச் சொன்னார். தளர்த்தியதும் குழாயை மேசையில் வைத்துவிட்டார். அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதை யாரும்மா அளந்து தைச்சது?"

"நான்தானுங்க. ரெண்டு இஞ்சு குறைச்சு..."

"ஏன் குறைச்சே?"

"பனியனுக்கு அப்படித்தானுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கொக்கிகளை அவரே அவிழ்த்தார். விலா நெடுகச் சிவந்து தடித்திருந்தது. முதுகில் குழாயை வைத்து மூச்சு ஓடும் சத்தத்தை நிதானமாகக் கேட்டார்.

"பாப்ளின் இழுத்துக் கொடுக்குமாம்மா? உனக்கு ஒரு நோயும் இல்லை. இதைத் தூக்கிப் போடு, போ."

முழு மூச்சு உள்ளே போனது. அங்கேயே அழுதுவிட்டேன். ராயபுரம் வரை ஓட்டமும் நடையுமாக வந்தேன், ஒரு இடத்திலும் குத்தவில்லை. தெய்வாத்தாள் பாயில் சுருண்டு கிடந்தாள்.

"அவுத்துப்போடு புள்ள! எல்லாம் அந்தப் பாடி பண்ணுன வேலை. காசமும் இல்ல, ஒரு கருமமும் இல்ல!"

டாக்டர் கேட்டதை அவரைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, வெகுநேரம் நிற்கவில்லை.

"அக்கா, அதை நான் வெள்ளிக்கெழமையே அவுத்துத் துணிப்பொட்டிக்குள்ள வெச்சுட்டனுங்க. இறுக்கமா இருந்துது. ஆசையாத் தெச்சுக் குடுத்தீங்க, வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

நான் நம்பவில்லை. அவள் முதுகில் கை வைத்துத் தடவினேன். ரவிக்கைக்குள் பாடியின் பட்டி இல்லை. எலும்புதான் தட்டுப்பட்டது.

"ஏனுங்கக்கா, அந்த டாக்டரம்மா நாளைக்கு இருப்பாங்களா?"

"இருப்பாங்க கண்ணு" என்றேன். அவள் முதுகிலிருந்து கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.