அளவு கொடுக்க வந்தவன்

என் பெண் பார்கவிக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை முகுந்த் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் பத்தே முக்காலுக்கே கேம்ப் கடைத்தெருவில் உள்ள தையல் கடைக்குப் போய்விட்டேன். மே மாத வெயில்தான். ஆனாலும் முழுக்கைச் சட்டை, டை, காலையில் நானே பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. மாப்பிள்ளையோடு கடைக்குப் போகிற மாமனார் வேறெப்படிப் போவார் என்று எனக்குத் தெரியாது. ஜானவாசத்துக்குப் பெண் வீட்டார் கோட்டும் சூட்டும் எடுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை அதைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை காரில் ஊர்வலம் வருவார். கோட்டு தோளில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே பெண் வீட்டாரை எடை போட்டுவிடுவார்கள். என் இரண்டு தங்கைகளுக்கும் நான்தான் கல்யாணம் செய்து வைத்தேன். இரண்டு மாப்பிள்ளைகளையும் இதே கடையில் நிற்க வைத்து அளவெடுத்து, மூன்று முறை போட்டுப் பார்த்துத்தான் தைத்தது.

மாஸ்டர் துணியை மேஜை மேல் விரித்து வைத்திருந்தார். கரி நிறத்தில் மெல்லிய கம்பளித் துணி. கசக்கிவிட்டாலும் சுருக்கம் நிற்காமல் விழுந்தது.

பதினொன்றே காலுக்கு ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். முழங்காலுக்குக் கீழே தொங்குகிற முக்கால் பேண்ட், அதன் இரண்டு பக்கமும் உப்பிய பைகள். ரப்பர் செருப்பு. நகம் வெட்டாத கால் விரல்கள். பனியன் மாதிரி ஒன்று, நெஞ்சில் மண்டை ஓடு. தூங்கி எழுந்த வாடையின் மேல் ஏதோ செண்ட் பூசியிருந்தான். எதையோ மென்றுகொண்டே என்னிடம் வந்தான்.

"பத்மநாபன் சாருங்களா? நான் ரவிசந்திரனுங்க. முகுந்தோட ரூம்மேட். மகர்பட்டாவுல ஒண்ணா இருக்கோம்."

"அவர் எங்கே?"

"சனிக்கிழமைன்னும் பாக்காம ஆபீஸுக்குக் கூப்பிட்டுட்டாங்க சார். அதான் என்னை அனுப்பிச்சான். ரெண்டு பேருக்கும் ஒரே சைஸுங்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. அவருக்குப் பதில் இவன் அளவு கொடுக்க வந்திருக்கிறான். தேஹு ரோடு ராணுவ டெப்போவில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆள் மாறி ஆள் வந்து கையெழுத்துப் போட்டால் வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். இங்கே நான் வாய் திறப்பதற்குள், அவன்தான் மாப்பிள்ளை என்று நினைத்து மாஸ்டர் "ஆயியே, தாமாத்ஜி" என்று இந்தியில் வரவேற்க, அவனும் சிரித்துக்கொண்டே பலகை மேல் ஏறி நின்று கைகளைத் தூக்கினான். கக்கத்தில் வேர்வை வட்டம். பேண்ட் இன்னும் கீழே இறங்கி, ஜட்டியின் பட்டியில் கம்பெனி பெயர் தெரிந்தது. அந்த இடுப்பைச் சுற்றி மாஸ்டர் டேப்பை இழுத்தார்.

"வேணும்னா ஊர்வலக் கார்லயும் நானே உக்காந்துக்கறனுங்க சார்."

நான் சிரிக்கவில்லை. "முகுந்துக்கு நன்னா உடுத்திக்கத் தெரியும். பொண் பாக்க வந்தன்னிக்கே கவனிச்சேன். உம்மை எப்படி அனுப்பினார்ங்கறதுதான் புரியலை."

"அந்த வெள்ளைச் சட்டைங்களா? அது என்னுது சார். எங்கண்ணன் கல்யாணத்துக்கு எடுத்தது. சட்டைக் கையில கஃப்லிங்க் மாட்டத் தெரியாம அரை மணி நேரம் மல்லுக்கட்டினான், நான்தான் மாட்டி விட்டேன். பார்கவிதான் போன்ல ஒவ்வொண்ணா சொன்னாங்க. கோட்டுக் கைக்கு வெளிய சட்டை அரை இன்ச் தெரியணும், உக்காரும்போது கோட்டுப் பட்டனைக் கழட்டணும், ஷூவைக் கழட்டினா ஜோடியா ஓரமா வைக்கணும்னு. மறந்துருவான்னு நான் பேப்பர்ல எழுதிக் குடுத்தனுங்க."

அந்த அரை இன்ச்சை நான் பார்த்திருந்தேன். பட்டனைக் கழற்றியதையும் பார்த்தேன். அன்று அவர்கள் வந்து இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது, சமையலறைக்குள் போய் என் மனைவி கோதையிடம், "வளர்ப்பு தெரியறது, முடிச்சுடலாம்" என்றேன். அதற்கு மேல் அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. என் சம்மதத்தை இவனும் என் பெண்ணும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

"போதும்," என்றேன் மாஸ்டரிடம். துணியை மடித்து வைக்கச் சொன்னேன்.

"கோவிச்சுக்காதீங்க சார், நான் ஏதாச்சும்..."

"நீங்க போகலாம்."

வீட்டில் பார்கவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள். டையைக்கூடத் தளர்த்தாமல் எதிரில் நின்றேன்.

"அந்தச் சட்டை யாருது?"

அவள் மழுப்பவில்லை. "ரவியோடது."

"என்னையே ஏமாத்தியிருக்கே."

"இதுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாப்பா. ஒருத்தர் சாண்டல் போட்டுண்டு வந்தார்னு வேண்டாம்னேள். ஒருத்தர் டையில ஜிப் இருந்ததுன்னு வேண்டாம்னேள். இன்னொருத்தர் அரைக்கைச் சட்டைக்கு டை கட்டியிருந்தார். இவரையும் விட்டுட எனக்கு மனசில்லை. அதனால சொல்லிக் குடுத்தேன்."

"நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு அவன் கடைக்கு வரணும். அவனே வரணும். வரலைன்னா இந்தக் கல்யாணம் கிடையாது."

கோதை சமையலறை வாசலுக்கு வந்தாள். "பாதிப் பத்திரிகை தபால்ல போயாச்சு. ஒரு கோட்டுக்காகவா நிறுத்துவேள்?"

"கோட்டுக்காக இல்லை."

பார்கவி பேனாவை மூடினாள்.

"வரச் சொல்றேன். ஆனா எதைப் போட்டுண்டு வரணும்னு இந்தத் தடவை சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள்தான். பத்து மணிக்குக் கண்ணாடிக் கதவை ஒட்டி நின்றேன். வெளியே விடுமுறைக் கூட்டம். வயசுப் பிள்ளைகள் எல்லோரும் படுக்கையிலிருந்து அப்படியே எழுந்து வந்த மாதிரி இருந்தார்கள். முக்கால் பேண்ட், கசங்கிய பனியன், தரையில் இழுபடும் செருப்பு. ஒருத்தன் தெருவிலேயே பனியனைத் தூக்கி வயிற்றைச் சொறிந்தான். இதில் ஒருத்தனுக்கா என் வீட்டுப் பெண் என்று நினைத்தேன்.

பத்து மணி பத்து நிமிஷம். எதிர்ச் சாரியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கடைப் பக்கம் பார்த்தான். அதே நேரம் அவனுக்குப் பின்னால் ஓர் ஆட்டோவிலிருந்து இன்னொருவன் இறங்கினான். அதே மாதிரிக் கால்சட்டை, அதே மாதிரிச் செருப்பு. இரண்டு பேரும் ரவிசந்திரன் இல்லை. அது மட்டும் தெரிந்தது.

"இவரா?" என்று மாஸ்டர் பின்னாலிருந்து இந்தியில் கேட்டார்.

முகுந்தின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வெள்ளைக் கை வந்தது. கஃப்லிங்க்கின் மினுக்கல் வந்தது. கஞ்சி போட்ட காலர், டையின் முடிச்சு. முகம் மட்டும் வரவில்லை.

எதிர்ச் சாரியில் ஒருவன் கையைத் தூக்கினான். எனக்கா, வேறு யாருக்காவதா என்று தெரியவில்லை. பஸ் ஒன்று குறுக்கே வந்து இருவரையும் மறைத்தது. அது போனதும் இரண்டு பேரும் பக்கம் பக்கமாக, வண்டிகளுக்கு நடுவே வழி பார்த்து, நான் நின்றிருந்த கதவை நோக்கிச் சாலையைக் கடக்கத் தொடங்கினார்கள்.