கை ஓடுதா?

வார்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே அன்றைக்கு யார் வரவில்லை என்று ஷாரோன் சொல்லிவிடுவாள். டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் வாரத்தில் மூன்று நாள் ஒரே நேரத்துக்கு வந்து, ஒரே படுக்கையில் படுத்து, நாலு மணி நேரம் கிடந்துவிட்டுப் போகிறவர்கள். செருப்பைக்கூட ஒரே இடத்தில்தான் விடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கதவைத் தள்ளுமுன் குனிந்து ஒரு பார்வை பார்ப்பாள். ஒரு ஜோடி குறைந்தால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

இப்போது பார்ப்பதில்லை. நேராக மெஷின்களிடம் போய்விடுகிறாள். குழாய்களை மாட்டி, உப்புத் தண்ணீரை ஓட விட்டு, காற்றுக் குமிழிகள் போகும்வரை வடிகட்டியைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். எட்டு மெஷின். முன்பு நாலு பேர் பார்த்த வேலை. இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டுப் போனார்கள்; அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. மிச்சம் அவளும் பென்னியும்தான்.

"அஞ்சு, எடை பாத்தாச்சா?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"எனக்கு எங்கம்மா அனுசியான்னுல்லா பேரு வச்சா. அஞ்சுன்னு எவ வச்சா?"

ஐந்தாம் படுக்கைக்காரி எடை மெஷின் மேல் நின்றுகொண்டு சிரித்தாள். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறவள். கழுத்தில் வலது பக்கம் குழாயும் பிளாஸ்திரியுமாக இருந்தாள். ரத்தம் மெஷினுக்குப் போய் வர அந்தக் குழாய்தான் வழி. அது நனையக்கூடாது என்பதால் ஏழெட்டு மாதமாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

"எடை கூடிருக்கு. தண்ணி குடிச்சிருக்கீங்க."

"ஒரு ஐஸ்கட்டி சப்பினேன்ட்டி. அதுக்குப் போயி பேரையே எடுத்துட்டியே."

பென்னி சிரித்தான். ஷாரோன் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. அவளுக்கு இப்போது எதுவும் ஒட்டுவதில்லை, அவ்வளவுதான். போன மழைக்காலத்தில் தில்லைநாயகம் சார் காலமான அன்று அது தொடங்கியது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் குத்தும் ஒவ்வொரு ஊசிக்கும் 'வெரிகுட்' போடுவார். விடியற்காலையில் அவர் போன செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் படுக்கையில் வேறொருவரைப் படுக்கவைத்து, விரிப்பை மாற்றி, மெஷினை ஓட விட்டாள். கையில் தடுமாற்றமே இல்லை. தான் அழவில்லை என்பது வீட்டுக்குப் போய் உலை வைக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகும் அழுகை வரவில்லை.

செங்கோட்டையில் அண்ணன் மனைவி மைனிக்கு ஜவுளிக்கடை. ஓணம் வியாபாரத்துக்கு முன்னால் வந்துவிடு என்று கூப்பிட்டிருந்தாள். ஷாரோன் சரி என்று சொல்லிவிட்டாள். பென்னிக்கு மட்டும் தெரியும்.

"துணி விக்கப் போறியளா? நல்லாத்தான் இருக்கும்."

"ஆமா. துணி வாங்குதவங்க யாரும் சாகமாட்டாங்க."

அனுசியாவுக்கு இடது கையில் ஆபரேஷன் செய்து, மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள். அந்த நரம்பு தடித்துப் பழுத்துவிட்டால் அதிலேயே ஊசி குத்தலாம். கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம். கைக்குப் பயிற்சியாக ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார் டாக்டர். பந்துக்கு எங்கே போக என்று அனுசியா பூக்கடையில் கிடந்த எலுமிச்சம்பழத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். வார்டுக்கும் கொண்டு வருவாள். அத்தோடு விரல் நீளத்துக்குப் பிச்சிப்பூ. ஷாரோன் வீட்டார் பெந்தெகொஸ்தே சபை. பூ வைக்கும் வழக்கமில்லை.

"உனக்கு வைக்கக்கூடாதுன்னா இவனுக்கு வைக்கேன்" என்று அனுசியா பூவை மெஷின் பக்கத்துக் கம்பியில் வாழைநாரால் கட்டிவிடுவாள். ஷாரோன் சாயங்காலம் அதை அவிழ்த்துப் போடுவாள். நகத்தால் கீறினாலும் அந்த முடிச்சு லேசில் அவிழாது.

வைகாசியில் கை தயார் என்று டாக்டர் சொன்னார்.

"பென்னி குத்தட்டும்" என்றாள் ஷாரோன்.

"அவன் குத்தினா நான் எந்திச்சு ஓடிருவேன். நீ வாட்டி."

ஷாரோன் கட்டில் ஓரம் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் வைத்தாள். மூன்று விரலைப் பதித்தாள். தோலுக்கு அடியில் அதிர்ந்தது. ஓடுகிற தையல் மெஷினின் பலகையில் கை வைத்தது போல. வார்டில் அதற்குக் 'கை ஓடுது' என்று பெயர். இதே அதிர்வை எத்தனையோ கைகளில் தொட்டிருக்கிறாள். ஆனால் இது இன்னும் எவரும் குத்தாத கை, சுவர் மெல்லிசு, ஊசி ஒரு நூல் தள்ளிப் போனாலும் உள்ளே கிழிந்துவிடும். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குப் பயம் வந்தது. கண்ணை மூடி விரலாலேயே நரம்பின் போக்கைத் தடவிப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினாள். சிவப்பு ஒரே துடிப்பில் குழாயில் ஏறியது.

"குத்திட்டியா?"

"குத்தியாச்சுக்கா."

"வலிக்கவே இல்லயேட்டி. ஏமாத்துதியா?"

ஷாரோன் குனிந்து சிரித்தாள். அன்று பென்னி வாங்கி வைத்த டீ மேசை மேல் ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

புதுக்கையை ஒரே ஆள்தான் குத்த வேண்டும், நரம்பின் வளைவு அந்த விரலுக்கு மனப்பாடம் ஆகும்வரை. அனுசியாவின் முறை தன் லீவு நாளில் விழுந்தால் ஷாரோன் அதற்காகவே ஆய்க்குடி வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து குத்திவிட்டுப் போனாள். வந்த இடத்தில் மற்ற கைகளையும் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் படுக்கைக்காரரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஏழாம் படுக்கைப் பெண்ணுக்கு ஊசி போடும்போது பாட்டுக் கேட்டால் நடுக்கம் குறைகிறது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாமலேயே நடந்திருந்தது. மைனி ஃபோன் செய்தபோது, "பாப்போம் மைனி" என்றாள்.

"லீவு நாள்ல எதுக்கு வாரீங்க? நாளைக்கு ஓவர்டைம்னு நிப்பீங்க" என்றார் ஆஸ்பத்திரி மேனேஜர்.

"கேக்கமாட்டேன் சார்."

ஆனியில் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். புண் ஆறியதும் அனுசியா டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, "குற்றாலத்துல குளிக்கலாமா சார்?" என்பதுதான். ஓரமாக நின்று குளிக்கலாம், கையில் தண்ணீர் அறையக்கூடாது, ஒரு வாய் குடிக்கக்கூடாது என்றார்.

பக்கத்து வளையல் கடை நூர்நிஷாவோடு போய்விட்டு மறுமுறைக்கு வந்தபோது அவளுக்கு இன்னும் தொண்டை கட்டியிருந்தது.

"சத்தம்னா சத்தம்ட்டி. தலையில விழுந்ததும் எனக்குக் கிறுக்குப் புடிச்சிட்டு. ஆனா வாயத் தொறக்கவே இல்ல. ஒரு சொட்டு உள்ள போவல, உம்மேல சத்தியம்."

நூர்நிஷா எடுத்த படத்தை ஃபோனில் காட்டினாள். வெள்ளையாகத் தண்ணீர். நடுவில் அனுசியாவின் முகம். கண்ணை இறுக்கி, உதட்டை இறுக்கி, கன்னம் உப்ப, இடது கையை நெஞ்சோடு வலது கையால் பொத்திக்கொண்டு. உதடு பூட்டியிருந்தும் சிரிப்பு முகமெல்லாம் வழிந்தது.

"எடைய பாருட்டி இப்பம்."

ஷாரோன் பார்த்தாள். கொஞ்சமும் கூடவில்லை. அவள் அந்தப் படத்தைத் தன் ஃபோனுக்கு வாங்கி வார்டில் எல்லாருக்கும் காட்டினாள். மேனேஜரும் பார்த்தார். "எனக்கு அனுப்புங்க" என்றார்.

பத்து நாளில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் ஏறியது. இலவச சிறுநீரக முகாம், சங்கரன்கோவில். 'டயாலிசிஸிலும் ஆனந்த வாழ்வு' என்று போட்டு, அருவிக்கு நடுவே அனுசியாவின் முகம், ஆள் உயரத்துக்கு.

"எங் கல்யாணத்துக்கே எனக்கு ஃப்ளெக்ஸ் வைக்கல" என்றாள் அனுசியா. "இந்த மூதிக்குக் காட்டணும்னே நேத்து லோடு ஆட்டோவ நிறுத்தச் சொன்னேன்." லோடு ஆட்டோ ஓட்டுகிற புருஷன் சுடலைராஜ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் சிரிப்புத்தான்.

முகாம் செவ்வாய்க்கிழமை. ஷாரோன் போக வேண்டும் என்றார் மேனேஜர்.

"செவ்வாக்கெழம அனுசியாக்கா முறை சார். பென்னியும் இங்க தனியா இருப்பான்."

"ஒரு ஊசிதானேம்மா? அவன் குத்தமாட்டானா? ஃப்ளெக்ஸ் பாத்துட்டு சனம் வரும், விவரம் சொல்ல ஆள் வேண்டாமா?"

திங்கட்கிழமை மாலை ஷாரோன் கோயில் வாசலுக்கே போய், பூக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அனுசியாவின் கையில் குத்த வேண்டிய இரண்டு இடத்தையும் பேனாவால் புள்ளி வைத்தாள். "குளிக்கும்போது அழிச்சிராதீங்க. பென்னிட்ட சொல்லிருக்கேன்."

மறுநாள் பகல் முழுக்க சங்கரன்கோவிலில் ஒரு மண்டபத்தில் அவள் கட்டுக்கட்டாக நோட்டீஸ் கொடுத்தாள்.

வார்டில் பென்னி சரியான புள்ளியில்தான் ஊசியை வைத்தான். அந்த நேரம் இரண்டாம் படுக்கைக்காரருக்கு பிரஷர் இறங்கி வாந்தி வந்தது; பின்னால் மெஷின் அலறியது. அவன் திரும்பினான். ஊசி நரம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விட்டது. கை புடைத்துக் கறுத்தது. வேறு இடத்தில் குத்தி எப்படியோ முடித்துவிட்டான். கடைசியில் ஊசியை உருவியதும் ரத்தம் நிற்கவில்லை. "அமுக்கிப் புடிச்சுக்கோங்கக்கா, இந்தா வாரேன்" என்று பஞ்சை வைத்துவிட்டு அடுத்த மெஷினுக்கு ஓடினான். அவன் வரக் காணோம். ஆடிச் செவ்வாய், கோயில் வாசலில் பூவுக்கு ஆள் நிற்கும். அனுசியா பஞ்சின் மேல் கைக்குட்டையைச் சுற்றி, மடியிலிருந்த வாழைநாரை எடுத்து, பூச்சரத்துக்குப் போடுகிற முடிச்சைப் பல்லால் இழுத்துப் போட்டாள். அப்படியே போய்க் கடையில் உட்கார்ந்தாள். இருட்டும்வரை அதை அவிழ்க்கவில்லை.

விடிந்ததும் ஷாரோனுக்கு ஃபோன் வந்தது.

"ஏட்டி, கை ஓடல."

ஷாரோன் கடை வாசலுக்கு ஓடி வந்து மூன்று விரலையும் பதித்தாள். இடம் மாற்றிப் பதித்தாள். காதை வைத்துப் பார்த்தாள். தோலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்று சும்மா கிடந்தது.

"அவிழாம இருக்கட்டும்னுதான் கட்டினேன்" என்றாள் அனுசியா. "நான் போட்ட முடிச்சு லேசுல அவிழாதுல்லா."

கட்டின இறுக்கத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. உடனே அடைப்பை எடுத்தால் கை பிழைக்கும். எடுக்கிற டாக்டர் நெல்லையிலிருந்து சனிக்கிழமைதான் வருவார். நெல்லைக்கே கொண்டுபோய்விடலாமா என்று ஷாரோன் மேனேஜரிடம் கேட்டாள். காப்பீட்டுக் கார்டை அங்கே மாற்ற அதற்கு மேல் நாளாகும் என்றார். சனிக்கிழமை டாக்டர் கையைத் தொட்டார், உடனே விட்டார். அதற்குள் வியாழக்கிழமையே கழுத்தில் மறுபடி குழாய் ஏறியிருந்தது, இந்தத் தடவை இடது பக்கம்.

"சீசன் முடியல, அதுக்குள்ள பூட்டு போட்டுட்டானுவ" என்றாள் அனுசியா. பென்னி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஏலே, நீ எதுக்கு அழுத? உனக்கு எட்டுக் கையா இருக்கு?"

அடுத்த வாரத்துக்கு மறு வாரம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுக்குக் குளிர் உதறியது. குழாய் வழியாகக் கிருமி ஏறிவிட்டது. ஷாரோன் இரண்டு கம்பளியைப் போர்த்தி அதன் மேல் தானும் சாய்ந்து அமுக்கிக்கொண்டாள். மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காய்ச்சல் ஏறி, சுடலைராஜ் நெல்லைக்கு ஆம்புலன்ஸில் கொண்டு போனான். உயிர் ஆலங்குளம் தாண்டவில்லை.

யாரும் ஷாரோனுக்குச் சொல்லவில்லை. அடுத்த முறைக்கு அவள் வார்டு வாசலில் நின்று குனிந்து பார்த்தாள். சிவப்பு வார் ரப்பர் செருப்பு கிடக்கும் இடம் காலியாக இருந்தது. உள்ளே பென்னி சுவரைப் பார்த்து நின்றான். ஐந்தாம் மெஷினின் கம்பியில் நார் முடிச்சு, பூ உதிர்ந்து, அப்படியே இருந்தது. ஷாரோன் அதை அவிழ்க்கப் பார்த்தாள். நகம் ஏறவில்லை. கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதாள், மற்ற படுக்கைக்காரர்கள் பார்க்கப் பார்க்க. தில்லைநாயகம் சாருக்கும் சேர்த்து அழுதாள்.

மைனி கூப்பிட்டாள். "கடையில துணி வந்து எறங்கிட்டு. என்னைக்கு வார?"

"வரல மைனி."

"உசுரெடுக்கிற வேலைன்னு நீதானட்டி சொன்ன?"

"ஆமா மைனி. நான் வந்துட்டா பென்னி தனியால்லா நிப்பான்."

இரண்டு நாள் சாரல். மூன்றாம் நாள் காலை வாசலில் புதுசாக ஒரு ஜோடி செருப்பு, சிவப்பு வார் கிடந்த அதே இடத்தில். ஐந்தாம் படுக்கையில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி, துப்பட்டாவால் கழுத்துக் குழாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பேரென்னம்மா?" என்றாள் ஷாரோன்.

"ஆஷிகா. சங்கரன்கோவில் முகாம்ல பாத்தோம்லாக்கா, நீங்கதான் நோட்டீஸ் குடுத்தீங்க." அவள் ஜன்னலைக் காட்டினாள். எதிரே ஃப்ளெக்ஸ் நனைந்துகொண்டிருந்தது. சீசன் முடியும்வரை இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மூடிய கண் மேலும், இறுகப் பூட்டிய உதட்டின் மேலும் சாரல் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. கீழே குற்றாலம் பஸ்ஸுக்கு ஆட்கள் தோளில் துண்டோடு ஒதுங்கி நின்றார்கள்.

"எனக்கும் அந்தக்கா மாதிரி கையில போட்டுருவீங்கல்லா? அவங்களும் இங்கதான் வருவாங்களா? எந்த பெட்டு?"

பின்னால் இரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் அலறின. "வாரேன், வாரேன்" என்று பென்னி ஓடினான். மேனேஜர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஷாரோன், வர்ற செவ்வாக்கெழம கடையநல்லூர்ல முகாம். ரெடியா இருங்க."

ஷாரோன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இடது கைய நீட்டும்மா" என்றாள். மணிக்கட்டுக்கு மேலே மூன்று விரலைப் பதித்து, கண்ணை மூடினாள்.