வாசல் மிதியாத தண்ணீர்

"பிள்ளை, உனக்கு இந்த மாசக் குளிப்பு முடிஞ்சுதோ?"

பெரியப்பா அம்பலவாணர் இதைத் தாழ்ந்த குரலில் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நின்ற ஆண்களுக்கும் கேட்கும்படியாகவே கேட்டார். கிணற்றுத் துலா மரத்தில் ஏறுவதற்காகப் பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்த விமலாம்பிகையின் கணுக்காலில் அவர் பார்வை ஈயைப் போல உட்கார்ந்திருந்தது.

அந்த வருடம் வேலணைத் தீவில் மாரி பொய்த்துவிட்டது. அம்பலவாணரின் கிணறு உட்பட அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர்த்துப்போயின. அவருடைய தம்பியும் விமலாம்பிகையின் தகப்பனுமான மார்க்கண்டுவின் கிணற்றில் மட்டும் அடியில் நல்ல தண்ணீர் கிடந்தது. ஆனால் இறைக்க ஆளில்லை. ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்தால்தான் மற்றவர் கீழே நின்று தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்து ஊற்றலாம். அப்படி நடந்துவந்த மகன் தெற்கே காலியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளித்துக்கொண்டு வந்தது. இன்று தண்ணீர் பாயாவிட்டால் பிடுங்கி ஆட்டுக்குப் போடவேண்டியதுதான். அந்த வீட்டுக்கு வேறு பயிரும் இல்லை.

ஆனால் பெண் துலாவில் ஏறுவதில்லை. கிணற்றுக்கு மேலே அவள் கால் போனால் தண்ணீருக்குத் தீட்டாம்.

"அப்ப உங்கடை மூத்தவனை ஒரு காலைமைக்கு அனுப்புங்கோவன் அண்ணை," என்றார் மார்க்கண்டு.

"அவன் உத்தியோகத்துக்குப் படிக்கிறவன். உன்ரை துலாவிலை குரங்கு மாதிரித் தொங்கவோ?"

சோதனையில் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்ட அந்த மூத்தவன் அந்நேரம் சந்தியில் கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான்.

"வெங்காயம் கருகினால் கருகட்டும். நீ நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லடி."

விமலாம்பிகை வயதுக்கு வந்து பெரியபிள்ளையான கிழமையே பள்ளிக்கூடத்தை மறித்தவரும் இவர்தான். அன்றைக்கு அவள் வாய் திறக்கவில்லை.

"முடியேல்லைப் பெரியப்பா." "நேற்றுத்தான் வந்தது. வெங்காயத்துக்கு அது தெரியாது."

வேலிக்கு அப்பால் யாரோ ஒருவன் சிரித்தான். அம்பலவாணர் வெற்றிலைச் சாற்றைப் பாத்தி ஓரத்தில் துப்பினார். அன்றைக்கு அந்த மண் கண்ட முதல் ஈரம் அதுதான்.

"மார்க்கண்டு, இவள் ஏறினால் இந்தக் கிணத்துத் தண்ணி இனி என்ரை வீட்டு வாசல் மிதியாது. சொல்லிப்போட்டன்."

மார்க்கண்டு தமையனைப் பார்த்தார். வெங்காயத்தைப் பார்த்தார்.

"ஏறு பிள்ளை. நடுவிலை மரம் வழுக்கும், கவனம்."

ஏறினாள். முதலில் ஒவ்வோர் அடிக்கும் வேலிப் பக்கம் பார்த்தாள். பட்டை நிறைந்து மேலே வந்து, வாய்க்காலில் தண்ணீர் நெளிந்து ஓடத் தொடங்கிய பிறகு அவள் வேலிப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

மறுநாட் காலையும் இறைப்பு நடந்தது. பெரியம்மா அன்னப்பிள்ளை சேலைத் தலைப்பால் மூடிய குடத்தோடு கிணற்றடியில் வந்து நின்றாள்.

"எங்கடை தண்ணி வாசல் மிதியாதெண்டு அண்ணை சொன்னவரே," என்றார் மார்க்கண்டு.

"உப்புத் தண்ணியிலை தேத்தண்ணி குடிக்க அவருக்கு ஏலாதாம்." அன்னப்பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "வாசலாலை வேண்டாமாம். வேலிப் பொட்டுக்குள்ளாலை கொண்டு வரட்டாம்."

மார்க்கண்டு பட்டையைக் குடத்தில் சரித்தார்.

"பெரியம்மா," விமலாம்பிகை மேலே நின்றபடி சொன்னாள், "எனக்கு இண்டைக்கும் முடியேல்லை. மறக்காமல் அவரிட்டைச் சொல்லுங்கோ."

அன்னப்பிள்ளை தலை நிமிர்ந்து துலாவின் மேல் நின்ற கால்களைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றி, வேலி ஓட்டையான அந்தப் பொட்டுக்குள் குனிந்து போனாள்.