சரிந்த தெரு

பெருங்கடை திறந்த மூன்றாம் நாள் தெரு அதன் பக்கமாகச் சரிந்தது. அளவைக்காரர்கள் இரண்டு முறை வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்து, தெரு சமமாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதிய பென்சில் கைதவறி விழுந்து, உருண்டு, பெருங்கடை வாசலில் போய் நின்றது.

தெருவின் மறுகோடியில் ஆணி, திருகாணி, கீல், தாழ்ப்பாள் விற்றவளை எல்லோரும் ஆணிக்கடை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடமாக ஒற்றை ஆளாய் நடத்திய கடை. ஒடிந்த கீலைக் கையில் வாங்கியதுமே அது எந்த அளவுக் கதவு என்று சொல்லிவிடுவாள். சரிவு வந்தபின் அலமாரிக் கால்களுக்கும் நாற்காலிக் கால்களுக்கும் கட்டை கொடுத்தாள். வாடிக்கையாளர்களுக்கு என்ன கொடுப்பது? பேசிக்கொண்டிருக்கும்போதே வாசல் பக்கம் வழுக்கினார்கள். "வரேன்க்கா" என்று முகம் பார்க்காமல் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்கள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டில் கூட இருந்த தங்கையின் மூச்சிரைப்பு மாத்திரையே பெருங்கடையில்தான் பாதி விலைக்குக் கிடைத்தது. முதல் வருடம் மருந்துக்கடை மூடியது, அடுத்த வருடம் காகிதக்கடையும் செருப்புக்கடையும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் வருடம், அவளுக்குச் சரக்குப் போடுகிற மொத்த வியாபாரி வெறுங்கையோடு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இனிமே உனக்குச் சரக்கு குடுக்க முடியாதும்மா."

"நான் என்னண்ணே தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. உனக்குக் குடுத்தா எங்கிட்ட வாங்க மாட்டோம்னு பெருங்கடையில சொல்லிட்டாங்க. என் சரக்குல பத்துல ஒம்பது அவங்கதான் எடுக்கறாங்க."

அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார். அவருக்கும் வழி அதுதான்.

கடைசிப் பெட்டி ஆணி தீர்ந்த அன்று, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதன் கட்டைகளைக் காலால் தட்டிவிட்டாள். நாற்காலி தெரு நெடுக மெல்ல வழுக்கிப் பெருங்கடைக்குள் போய் நின்றது. மேலாளர் வியக்கவில்லை, பாதி ஊழியர்கள் அப்படி வந்தவர்கள்தான். "ஆணிப் பிரிவுல ஆள் இல்ல. அளவெல்லாம் தெரியும்ல உங்களுக்கு?" என்றார். தெரியும் என்றாள். உள்ளே தரை சமமாக இருந்தது. மூன்று வருடம் கோணி நின்ற இடுப்பு அன்று வலிக்கவில்லை. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. அசதியில் அதுவும் நெடுநேரம் நிற்கவில்லை.

அடுத்த மாதம் ஆணி விலை இரட்டிப்பானது, மாத்திரை விலையும். தங்கை மாத்திரையை இரண்டாக உடைத்துப் போட்டுக்கொண்டாள். தச்சர் ஒருவர் ஆணிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா இப்படி ஏத்திட்டாங்க?"

"வேற எங்க போவீங்க?" என்றாள். குத்தலாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது தெரு ஓரமாகக் கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள். பெருங்கடையின் உபயம். மாலையில் வேலை முடிந்தவர்கள் அதைப் பிடித்து வரிசையாக மேடேறி வீட்டுக்குப் போகிறார்கள். நல்ல உறுதியான கம்பி. மூச்சு வாங்குகிறவர்களுக்குத்தான் ரொம்ப வசதி என்கிறாள் தங்கை.