ஜெத்ரோ வீட்டுக் காதுக்குறி

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சைலஸ் ட்ரெட்வே தூங்கி எழுந்தபோது அவருடைய இடது காதின் நுனி மீன்வால் போல இரண்டாகப் பிளந்திருந்தது, வலது காதின் ஓரத்தில் இரண்டு வெட்டு இருந்தது. ரத்தமில்லை, வலியில்லை. வட கரோலினாவில் எங்கள் கரடி ஓடைப் பக்கம் அந்தக் குறியைத் தெரியாதவர்கள் கிடையாது. அது ஜெத்ரோ ஆர்ச்சரின் பன்றிக்குறி. இங்கே பன்றிகளை ஓக் காட்டில் கொட்டை தின்ன அவிழ்த்து விடுவோம். குடும்பத்துக்கு ஒரு விதமாகக் காதில் வெட்டு, அதைக் கோர்ட்டில் சொல்லிப் பதிந்துகொள்வோம். அந்தக் காதோடு எது திரிந்தாலும் அது குறிக்காரனுக்குச் சொந்தம்.

ஜெத்ரோ யாருக்கும் அடிமையாக இருந்தவரில்லை, அவர் அப்பாவும் இல்லை. எங்களைப் போலவே சொந்த நிலத்தில் சோளமும் புகையிலையும் போட்ட கறுப்புக் குடும்பம். பக்கத்து நிலத்து ட்ரெட்வேக்கு அது கண்ணை உறுத்தியது. இரண்டு குளிர்காலமாக ஜெத்ரோவின் பன்றிகளைப் பிடித்து, காதை அறுத்தெறிந்துவிட்டு, புகைபோட்டுத் தின்றார். பிறகு கொழுப்பு வழியும் அந்த வாயைத் துடைக்காமலே கோர்ட்டில் போய் மனு கொடுத்தார்: ஆர்ச்சர் வீட்டில் இறைச்சி இல்லை, பிள்ளைகள் பட்டினி, ஏபெலையும் டைசியையும் இருபத்தொரு வயதுவரை என்னிடம் வேலைக்குக் கட்டிவையுங்கள். ஏழைக் கறுப்பனின் பிள்ளையை அப்படிக் கட்டிவைக்கச் சட்டம் இருந்தது. திருடியது யாரென்று சொல்லத்தான் ஜெத்ரோவுக்கு வழியில்லை, வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கறுப்பன் சாட்சி செல்லாது. இதையெல்லாம் சட்டம் என்று உட்கார்ந்து எழுதியவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மனு கொடுத்த மறுநாள்தான் காது பிளந்தது. அப்போதும் அந்த ஆள் திருந்தவில்லை. தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, மிச்சமிருந்த பன்றித் தொடையைச் சமைத்து நீதிபதிகள் மூவருக்கும் விருந்து வைத்தார். வழக்கு நாளன்று மூவரும், அந்தக் காலத்து நீதிபதிகள் போடும் பொய்முடியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டபடி வந்து உட்கார்ந்தார்கள்.

"டேய் ஜெத்ரோ, புள்ளைங்கள பட்டினி போடுறியாமே?" என்றார் நடுவில் இருந்தவர்.

ஜெத்ரோவின் மனைவி கெசியா முந்திக்கொண்டாள். "நாங்க சாட்சி சொல்லக் கூடாது, தெரியும் ஐயா. சொல்லல. கோர்ட்டுக்குள்ள தொப்பியோட நிக்கலாமா, அத மட்டும் சொல்லுங்க."

நிற்கக் கூடாது. சேவகன் போய் ட்ரெட்வேயின் தொப்பியைக் கழற்றினான்.

"அட, ஜெத்ரோவோட பன்னி ரெண்டு கால்ல நிக்குதுடோய்!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். வெள்ளைக்காரன்தான். சிரிப்பு அடங்குவதற்குள் நீதிபதிகள் மூவரின் கையும் காதைப் பொத்தப் பொய்முடிக்குள் போயிருந்தது. நடுவில் இருந்தவர் ஜெத்ரோ பக்கம் திரும்பினார்.

"அப்போ சட்டப்படி பார்த்தா... நாங்க உனக்குச் சொந்தமா?"

கெசியா நால்வரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயய்யே, எங்களுக்கு வேணாம். எங்க புள்ளைங்களுக்கு நாங்க சோறு போட்டுக்குவோம். இதுகளுக்குத் தீனி போட்டு யாரால மாளும்?"

மனு தள்ளுபடியானது. ஏபெலும் டைசியும் அப்பா அம்மாவோடு வீட்டுக்கு நடந்தார்கள். அந்த நான்கு பேரின் காதும் கடைசிவரை கூடவில்லை, ஊரும் பழகிவிட்டது, சந்தையில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பன்றிகள் குட்டி போடும் பருவம் வந்ததும் ஜெத்ரோ கோர்ட்டுக்குப் போய் வேறு குறி பதிந்துகொண்டார். நல்ல குறியை எதற்கு விடுகிறாய் என்று சேவகன் கேட்டான்.

"என் பன்னிங்களுக்கு அவமானமா இருக்குதுங்க," என்றார் ஜெத்ரோ.