உப்புச் சோயாப் பால்

சுன்-தாவ் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு அதைக் கவிழ்த்து, ஒன்றுமில்லை பார் என்பதுபோல மகளிடம் காட்டினாள்.

கடலோர ஊரான ஹுவாலியெனின் சந்தையை ஒட்டிய தகரக் கூரைக் கடை அது. உட்கார இடமில்லாமல் தெருவரைக்கும் ஆட்கள் நின்றார்கள். வினிகர் பட்டு இளந்தயிர்போலத் திரிந்த சூடான உப்புச் சோயாப் பால், மேலே காய்ந்த இறாலும் ஊறுகாய் முள்ளங்கியும் வெங்காயத்தாளும். முக்கித் தின்ன, எண்ணெயில் பொரித்த நீளமான மாவுக்குச்சி. வெய்-லானுக்குப் பாதிதான் இறங்கியது. அம்மா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தன்னுடையது ஆறிப்போனதை அவள் கவனிக்கவில்லை.

இதயம் ரொம்பப் பலவீனம், பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெய்-லானின் அண்ணன் குவோ-துங்கும் அதையேதான் சொன்னான். படுத்தே கிடந்தால் மட்டும் நூறு வயது இருந்துவிடுவேனா என்று கேட்டு, சுன்-தாவ் தானே பையைக் கட்டிவிட்டாள்.

சொந்த ஊரான பூலியிலிருந்து மலைக்குப் போகும் முதல் பேருந்தை ஓய்வு பெறும்வரை ஓட்டியவள் அவள். அந்த வழியில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண். விடியுமுன்பே வண்டியை எடுத்தாக வேண்டும். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும், மறு கையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய சோற்றுருண்டை. வேலை முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அடுப்படியில் நின்றபடியே எதையாவது கடித்து விழுங்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். காலையில் அம்மா உட்கார்ந்து, கிண்ணத்தில் எதையும் சாப்பிட்டு வெய்-லான் பார்த்ததேயில்லை.

மேசையைத் துடைக்க வந்த கடைக்காரம்மா எந்த ஊர் என்று விசாரித்தாள்.

"பூலி. மலை வண்டி டிரைவர்" என்றாள் சுன்-தாவ், நாளைக்கும் வண்டி எடுக்கப் போகிறவளைப்போல.

பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த ரோட்டுலயா? நீங்களா ஓட்டுனீங்க?"

"நான்தான். பின்னாடி உக்காந்திருக்கறவங்க எல்லாம் தூங்கிக்கிட்டே வருவாங்க. வேற சர்டிபிகேட் எதுக்கு?"

அவர் சிரித்துவிட்டு, தன் தட்டிலிருந்த எள்ளு ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவள் பக்கம் நகர்த்தினார். சுன்-தாவ் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

பிறகு தாயும் மகளும் கடற்கரைக்கு நடந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும், வயிறு நிறைந்தால் தூக்கம் வருகிறது என்று அம்மா மகளின் தோளில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தலை கனக்கத் தொடங்கியது. வெய்-லானுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் உடனே அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பூலிக்கு உடலைக் கொண்டுவந்ததும் குவோ-துங் முதலில் கேட்டது, எத்தனை மணிக்கு உயிர் போனது என்பதைத்தான். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் என்று வெய்-லான் சொன்னாள். அவன் முகம் மாறியது. பொழுது விடிந்து, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் உயிர் போனால் மூன்று வேளைச் சோற்றையும் பிள்ளைகளுக்கு விட்டுப்போனதாகக் கணக்கு. சாப்பிட்டுவிட்டுப் போனால் பிள்ளைகளின் பங்கில் ஒரு வேளையைக் கையோடு கொண்டுபோனதாகச் சொல்வார்கள். அதை விசாரிக்கத்தான் தாய்மாமன் வருவார். அவர் பார்த்துச் சம்மதிக்காமல் சவப்பெட்டியை மூட முடியாது. பொம்பளை ஓட்டும் வண்டியில் ஏற மாட்டேன் என்று தன் தங்கையின் பேருந்தில் ஒருநாளும் கால் வைக்காதவர் அந்த மாமா.

"சாப்பிடறதுக்கு முன்னாடியே போயிட்டாங்கன்னு சொல்லிடு. ஒரு வார்த்தைதானே" என்றான் குவோ-துங்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் வெய்-லான். பிறகு அந்தக் கடையையும், பக்கத்து மேசைக்காரரையும், அம்மா சொன்ன சர்டிபிகேட்டையும், பாதி எள்ளு ரொட்டியையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அவள் சொல்லி முடித்த பிறகு, "உக்காந்தா சாப்பிட்டாங்க?" என்று மட்டும் கேட்டான்.

"உக்காந்துதான். ரெண்டு கையாலயும் கிண்ணத்தப் புடிச்சுக்கிட்டு."

அவன் எழுந்துபோய், எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தி பாதிகூடத் தீராதபோதே இன்னொன்றை ஏற்றினான்.

பெட்டி மூடும் நாளன்று மாமா ஜின்-ஷெங் கைத்தடியோடு வந்து இறங்கினார். வழக்கப்படி அண்ணனும் தங்கையும் வாசலில் முழங்காலிட்டார்கள். உறவு முழுக்கப் பின்னால் நின்றது. மாமா உள்ளே போய்த் தன் தங்கையின் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி போனாளா, பின்னாடியா?"

வெய்-லான் வாயைத் திறப்பதற்குள் குவோ-துங் நிமிர்ந்தான்.

"பின்னாடி, மாமா. ஊரே வரிசையில நிக்கற கடை. உக்காந்து, நிதானமா சாப்பிட்டாங்க. ரெண்டு கிண்ணம் சோயாப் பால்."

பின்னாலிருந்து சித்தி ஒருத்தி, அப்படியென்றால் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம் என்று முணுமுணுத்தாள்.

குவோ-துங் திரும்பிப் பார்க்கவில்லை. "எங்களுக்கு வேண்டிய சோத்த அவங்க என்னைக்கோ ஓட்டிச் சம்பாரிச்சுப் போட்டுட்டாங்க. இது அவங்களுக்குன்னு சாப்பிட்டது."

மாமா கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"உப்பா, இனிப்பா?"

"உப்பு, மாமா."

அவர் தலையாட்டினார். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு உப்புதான் என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு உள்ளே போய், தங்கையின் சட்டைக் காலரில் விழுந்திருந்த மடிப்பை விரலால் நீவிவிட்டு, ஆணியும் சுத்தியுமாக நின்றவரிடம், பெட்டியில் முதல் ஆணியைத் தானே அறையக் கையை நீட்டினார்.

குவோ-துங் எழுந்து நின்றான். கால்சட்டை முழங்காலில், வாசலில் இறந்தவளுக்காக எரித்த தாள்களின் சாம்பல் வட்டமாக அப்பியிருந்தது. ஒரு கிண்ணம்தான் என்று வெய்-லான் சொல்லவில்லை. குனிந்து, அந்தச் சாம்பலைத் தட்டிவிட்டாள்.