நாற்பத்திரண்டு தோட்டக்காரர்கள்

1.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இது நான் எழுதும் இரண்டாவது புனைவு. முதலாவதை ஓர் அரசாங்கப் படிவத்தில் எழுதினேன்.

வத்தளையில் ஒரு சாயத் தொழிற்சாலையில் நான் கொள்வனவு உதவியாளர். எங்கள் கொதிகலன் எண்ணெயை விட்டு விறகுக்கு மாறியது. ‘பசுமை எரிசக்தி’ என்று வாசலில் பலகை ஏறியது. அதற்கு ஒரு நிபந்தனை: காட்டு மரத்தை எரிக்கக்கூடாது. விறகு எங்கிருந்து வருகிறது என்று ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கவேண்டும். அரச அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார்.

நான் எழுதிக் கொடுத்தது: கிளிரிசிடியா, அதாவது வேலியோரம் நட்டு, வெட்ட வெட்டத் தழைக்கிற மரம். தருபவர்கள் குருநாகல் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாற்பத்திரண்டு பேர்.

உண்மையில் ஒரேயொரு லொறிக்காரர்தான் தந்தார். எங்கே வெட்டினார் என்று நாங்கள் கேட்கவில்லை. தோட்டக்காரர்களை வெள்ளவத்தையில் என் அறையில் இருந்து நானே உண்டாக்கினேன். (அவர்களில் ஒருத்தியை விதவையாக்கி, இரண்டு பிள்ளைகளையும் கொடுத்தேன். படிவத்தில் அதற்கு இடமில்லை. ஆனாலும் கொடுத்தேன்.)

2.

அதிகாரியின் பெயர் யோகேஸ்வரி. அவர் வந்ததை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

‘காலை வெயிலில் வாகனத்திலிருந்து கம்பீரமாக இறங்கிய—’

இல்லை. அன்று மழை. பஸ்ஸில் வந்தார். செருப்பெல்லாம் சேறு.

‘விறகுகளின் மௌனம்—’

இதுவும் வேண்டாம். விறகு விறகாகத்தான் கிடந்தது.

மேசையில் தேநீரும் படிவமும் வைத்திருந்தோம். இரண்டையும் தொடாமல் நேரே விறகு முற்றத்துக்கு நடந்தார். ஒரு கட்டையை இரண்டு கையாலும் அணைத்துப் பார்த்தார். கைகள் சேரவில்லை.

“தம்பி, கிளிரிசிடியா எண்டா கை மொத்தத்தில கொப்புத்தான் வரும். இது பாலை. காட்டு மரம். நாங்கள் பிறக்க முதலே நிண்டிருக்கும்.”

“எல்லாம் கலந்துதான் வரும், மிஸ்.”

“சரி. இந்த நாற்பத்திரண்டு பேரில ஒராளுக்குப் போனில கோல் எடுத்துத் தாங்கோ. நான் கதைக்கிறன்.”

[இந்த இடத்தில் என்னைச் சாமர்த்தியசாலியாக்கி அரைப் பக்கம் எழுதினேன். வெட்டிவிட்டேன். நடந்தது வேறு. போனைக் கையில் பிடித்தபடி, முப்பத்தொரு வயதில், அழுதேன்.]

3.

அவர் பொலிஸுக்கு அறிவித்திருக்கலாம். மாறாக, பையிலிருந்து வெற்றுப் படிவமொன்றை எடுத்து நீட்டினார்.

“உள்ளதை எழுதுங்கோ. நீங்களே எழுதித் தந்தது எண்டு அறிக்கையில போடுறன்.”

எங்கள் முகாமையாளர் செபஸ்தியன் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். “கொதிகலன் நிண்டா இருநூறு பேருக்கு வேலையில்ல, மிஸ்.”

“ஓம், தெரியும். அதையும் எழுதுறன்.”

எழுதினார். மூடச் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு அரைவாசி ஓட்டம். வருகிற ஒவ்வொரு லொறியையும் வெட்டிய இடம்வரை போய்ப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். போய்ப் பார்க்கிற வேலையைச் செபஸ்தியன் என்னிடமே தந்தார். என்னை நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

குருநாகலுக்குப் போனேன். வேலி வேலியாக நடந்தேன். முதலாவதாகச் சம்மதித்தவர் கைருன்னிஸா. கொப்புகளைக் கட்டி வைத்துவிட்டு, “ஏன்ட பேரச் சரியா எழுதுங்க மகன்” என்றார். எழுத்துக் கூட்டிச் சரியாக எழுதினேன். ஒரு பெயரை அவ்வளவு சந்தோசமாக நான் எழுதியதே இல்லை.

இன்று பத்தொன்பது பேர் தருகிறார்கள். கொதிகலன் முழுதாக ஓடுகிறது.

4.

நன்றி சொல்லத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். முடிக்குமுன் அனுமதி கேட்டு யோகேஸ்வரிக்குக் கோல் எடுத்தேன்.

“எழுதுங்கோ. ஆனா என்னைப் பெரிய ஆளாக்காதேங்கோ. நான் வாறதுக்கு முதல் வருசம் உங்கட படிவத்தில ஆர் கையெழுத்து வச்சது?”

அந்த வருடமும் இதே பொய்ப் பெயர்களைத்தான் கொடுத்திருந்தேன். எவரும் வரவில்லை, படிவம் மட்டும் முத்திரையோடு திரும்பி வந்தது. கையெழுத்தை நான் கவனித்ததில்லை.

“நான்தான்,” என்றார். “அம்மா ஆஸ்பத்திரியில. வந்து பாக்காமல், கந்தோர் மேசையில இருந்தே கையெழுத்து வச்சிட்டன். அதுதான் அடுத்த வருசம் மழையெண்டும் பாக்காமல் வந்தனான். இப்ப அந்தக் கையெழுத்துக்கு விசாரணை வச்சிருக்கினம், தம்பி. உங்களையும் கூப்பிடுவினம்.”

“நான் என்ன சொல்ல, மிஸ்?”

“வரேல்ல எண்டு சொல்லுங்கோ. வரேல்லத்தானே.”

5.

விசாரணை வியாழக்கிழமை, கொள்ளுப்பிட்டியில். அவருடைய இருபத்தாறு வருட சேவை அன்றைக்கு மேசைக்கு வரும்.

முடிவு ஒன்று: ‘வந்தவர், நான் கண்டனான்’ என்று சொல்கிறேன். எழுதிப் பார்த்தேன். நன்றி மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவர் என்னை மீட்டெடுத்த சேற்றுக்குள்ளேயே அவரைத் தள்ளுவது போலவும் இருந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ‘வரவில்லை’ என்று மட்டும் சொல்லி எழும்புகிறேன். பொய் இல்லை. ஆனால் முழுதும் அதுவல்ல.

ஆகவே, வரவில்லை என்பேன். அதன்பிறகு இன்னும் கொஞ்சம் கதைக்க விடுங்கள் என்று கேட்பேன். விட்டால், அந்தக் கட்டையைச் சுற்றிச் சேராத இரண்டு கைகளைப் பற்றிச் சொல்வேன்.

விசாரிப்பவர்களுக்கு மூன்று கதிரைகள் போட்டிருப்பார்களாம். ஒன்றில், இதை வாசிக்கிற நீங்கள் உட்காருங்கள். நான் சொல்லி முடித்ததும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன்.